நிவாரணப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த குத்துச்சண்டை வீரர்

குத்துச்சண்டை என்றதும் நம்மில் பலர் முகம் சுளிக்கக்கூடும். ஒருவர் முகத்தில் மற்றவர் குத்தி இரத்தம் வரவழைப்பதில் என்ன விளையாட்டு இருக்கிறது என்று கேட்பவர்களோடு வாதாட இங்கே எண்ணமில்லை. ஆனால் ஜேம்ஸ் ஜே. பிராடக் என்ற அமெரிக்கர் அந்த மேடையில் ஏறியது பெரும்பாலும் தம் பிள்ளைகளின் பாலுக்கும் வீட்டு வாடகைக்கும்தான். அந்த வகையில் அவருடைய கதை ஒரு குடும்பத் தலைவரின் கதை.

1905ம் ஆண்டு ஜூன் 7ம் தேதி நியூயார்க் நகரின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர் இருந்த ஏழைக் குடும்பம் அது. அவர் சிறுவனாக இருந்தபோதே ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூஜெர்சி மாநிலத்தில் குடியேறியது. படிப்பு அதிகம் ஏறவில்லை. இளம் வயதிலேயே கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டு, மாலை நேரங்களில் குத்துச்சண்டை பழகினார். 1926ம் ஆண்டு தொழில்முறை வீரரானார். ஜோ கூல்ட் என்பவர் அவருக்கு மேலாளராக அமைந்தார். பிராடக் அளந்து பேசுபவர், கூல்டோ ஓயாமல் பேசுபவர். குணத்தில் இப்படி நேர்மாறாக இருந்த இருவரும் நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் பிரியவில்லை.

முதல் மூன்று ஆண்டுகள் ஏறுமுகம். அவருடைய வலக்கைக் குத்துக்கு நல்ல பெயர் இருந்தது. 1928ம் ஆண்டு மேடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கில், எல்லாரும் பெரிதும் எதிர்பார்த்த டஃபி கிரிஃபித்ஸ் என்ற வீரரை இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தினார். அதன் பலனாக 1929ம் ஆண்டு ஜூலை 18ம் தேதி லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்காக டாமி லாக்ரனோடு மோதும் வாய்ப்பு வந்தது. லாக்ரன் நுணுக்கமான ஆட்டக்காரர். 15 சுற்றுகள் முடிவில் புள்ளிகள் அடிப்படையில் பிராடக் தோற்றார்.

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. பிராடக் சேர்த்து வைத்ததும் அதோடு போயிற்று. 1930ம் ஆண்டு மே என்ற பெண்ணை மணந்தார். அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். வலக்கை எலும்போ பலமுறை முறிந்தது. முறிந்த கை சரியாகக் கூடும்வரை காத்திருக்க வீட்டு நிலைமை இடம் தரவில்லை. ஆறாத கையோடு மேடையேறினார், மீண்டும் முறித்துக்கொண்டார். வெற்றியைவிடத் தோல்வியே அதிகமாயிற்று. 1933ம் ஆண்டு செப்டம்பரில் ஏப் ஃபெல்ட்மேனோடு நடந்த சண்டை முடிவின்றி நிறுத்தப்பட்டது. அன்றும் அவர் கை முறிந்திருந்தது. அத்தோடு அவருடைய குத்துச்சண்டை வாழ்வு முடிந்துவிட்டதாகவே எல்லாரும் எண்ணினர்.

நியூஜெர்சியின் கப்பல் துறைகளில் சுமை இறக்கும் வேலைக்குப் போனார். அந்நாள்களில் அது நிரந்தர வேலை அல்ல. காலையில் துறைமுக வாசலில் ஆண்கள் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி தேவையான சிலரை மட்டும் சுட்டிக் காட்டுவார், மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஒரு துறையில் வேலை இல்லையென்றால் அடுத்த துறைக்கு நடந்தே போவார் பிராடக். உலகப் பட்டத்துக்குப் போட்டியிட்ட மனிதர், நூறு பேரில் ஒருவராக அங்கே நின்றார்.

அதுவும் போதவில்லை. பால்காரருக்குப் பாக்கி, வாடகை பாக்கி. இறுதியில் அரசின் நிவாரண அலுவலகத்துக்குப் போய்த் தம் பெயரைப் பதிவு செய்தார். உழைத்துப் பிழைத்தவர்களுக்கு அது சாவுக்குச் சமமான அவமானம். கையேந்திப் பழகாத நம் ஊர்க் குடும்பத் தலைவர்களுக்கும் அந்த வேதனை தெரியாததல்ல. பல மாதங்கள் அந்த உதவிப் பணத்தில்தான் அவர் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலக்கை பழுதாக இருந்ததால், துறைமுகத்தில் மூட்டைகளைக் கொக்கியால் இழுக்கும் வேலையை அவர் இடக்கையால் செய்தார். அதுவரை பேருக்கு இருந்த அந்த இடக்கை உரமேறியது. ஓய்ந்திருந்த வலக்கை எலும்புகளும் மெல்லக் கூடின. எந்தப் பயிற்சியாளரும் திட்டமிட்டுத் தந்திருக்க முடியாத பயிற்சி அது.

1934ம் ஆண்டு ஜூன் 14ம் தேதி நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியில் ஹெவிவெயிட் பட்டத்துக்கான பெரிய போட்டி. அதற்கு முன் நடக்கும் சிறிய சண்டைக்கு, கார்ன் கிரிஃபின் என்ற வளர்ந்துவரும் வீரருக்கு எதிராக ஆள் தேவைப்பட்டது. கூல்ட் ஓடிவந்து பிராடக்கிடம் சொன்னார். தயாராக இரண்டு நாள்தான் அவகாசம். ஊதியம் 250 டாலர். இளைஞருக்கு எளிதான வெற்றி கிடைக்கட்டும் என்றுதான் பிராடக்கை அழைத்தார்கள். அவர் இரண்டாம் சுற்றில் தாமே கீழே விழுந்தார், எழுந்தார், மூன்றாம் சுற்றில் கிரிஃபினை வென்றார். நவம்பரில், முன்பு தம்மைத் தோற்கடித்த ஜான் ஹென்றி லூயிஸை வென்றார். 1935ம் ஆண்டு மார்ச்சில் ஆர்ட் லாஸ்கியையும் வென்றார்.

கையில் பணம் வரத் தொடங்கியதும் அவர் நிவாரண அலுவலகத்துக்குத் திரும்பிச் சென்று, தாம் பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கட்டினார். யாரும் கேட்கவில்லை, சட்டமும் வற்புறுத்தவில்லை. செய்தி பத்திரிகைகளில் வந்ததும், வேலையின்றித் தவித்த இலட்சக்கணக்கான மக்கள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள். பட்டம் வென்றதைவிட இதுதான் அவருடைய பெரிய செயல் என்பது என் எண்ணம்.

ஹெவிவெயிட் பட்டம் அப்போது மேக்ஸ் பேயரிடம் இருந்தது. பேயரின் வலக்கை அஞ்சத்தக்கது. 1930ம் ஆண்டு அவரோடு மோதிய ஃபிரான்கி கேம்பல் மறுநாள் இறந்துபோனார். 2005ம் ஆண்டு பிராடக்கின் வாழ்வைச் சொல்ல வந்த ஆங்கிலத் திரைப்படம் பேயரை இரக்கமற்றவராகக் காட்டியது. அது நியாயமல்ல. அந்த இறப்பு பேயரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. இறந்தவரின் குடும்பத்துக்குப் பண உதவியும் செய்தார். ஆயினும் அந்தக் கையை எதிர்கொள்ளக் கணவர் போகிறார் என்றால் வீட்டில் இருக்கும் மனைவியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

1935ம் ஆண்டு ஜூன் 13ம் தேதி, அதாவது கிரிஃபினை வென்று ஓராண்டு நிறைய ஒரு நாள் குறைவாக இருந்தபோது, அதே அரங்கில் சண்டை நடந்தது. பந்தயக்காரர்கள் பத்துக்கு ஒன்று என்று பேயர் பக்கம் நின்றார்கள். பேயர் ஏறத்தாழ 15 பவுண்டு எடை கூடியவர், வயதிலும் இளையவர். ஆனால் அவர் சரியாகப் பயிற்சி செய்யவில்லை, மேடையிலும் கோமாளித்தனம் செய்து சுற்றுகளை வீணாக்கினார். பிராடக் விலகி விலகி நின்று, இடக்கையால் இடைவிடாமல் புள்ளி சேர்த்தார். துறைமுகத்தில் உரமேறிய அதே இடக்கை. 15 சுற்றுகள் முடிந்தபோது நடுவர்கள் ஒருமனதாக அவரை உலக வாகையராக அறிவித்தார்கள். டேமன் ரன்யன் என்ற எழுத்தாளர் அவருக்குச் சூட்டிய பெயர் சிண்ட்ரெல்லா மனிதர்.

அடுத்து மோத வேண்டியவர் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங். பட்டம் ஹிட்லரின் நாட்டுக்குப் போய்விடுமோ என்ற அச்சம் அமெரிக்காவில் பரவியது. கூல்ட் அந்தச் சண்டையை விட்டுவிட்டு ஜோ லூயிஸோடு ஒப்பந்தம் செய்தார். 1915ம் ஆண்டு ஜாக் ஜான்சன் தோற்றதற்குப் பிறகு, கறுப்பினத்தவர் எவருக்கும் இந்தப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு தரப்படவில்லை. அந்தக் கதவு பிராடக்கின் காலத்தில் திறந்தது. இதில் தாராள மனம் மட்டுமே இருந்ததாகச் சொல்லிவிட முடியாது. பட்டம் கைமாறினால், வரும் பத்தாண்டுகளின் ஹெவிவெயிட் பட்டப் போட்டி இலாபத்தில் பத்து விழுக்காடு தங்களுக்கு வேண்டும் என்று கூல்ட் எழுதி வாங்கிக்கொண்டார். குடும்பம் பட்ட பாட்டை மறக்காதவர்களின் கணக்கு அது.

1937ம் ஆண்டு ஜூன் 22ம் தேதி சிகாகோவில் நடந்த அந்தச் சண்டையில், முதல் சுற்றிலேயே பிராடக் லூயிஸைக் கீழே வீழ்த்தினார். அதன்பின் மேடை லூயிஸுடையதாயிற்று. பிராடக்கின் முகம் கிழிந்தது. ஏழாம் சுற்றுக்குப் பின் சண்டையை நிறுத்திவிடுவதாகக் கூல்ட் கெஞ்சினார். நிறுத்தினால் ஆயுளுக்கும் பேசமாட்டேன் என்று பிராடக் மறுத்துவிட்டார். எட்டாம் சுற்றில் விழுந்தவர் எழவில்லை. தாம் சந்தித்தவர்களில் இவரைப் போல் துணிவுள்ளவர் இல்லை என்று லூயிஸ் பிற்காலத்தில் கூறினார். அந்தத் துணிவைப் பாராட்டுவதா, மூன்று பிள்ளைகளின் தந்தை அப்படிச் செய்யலாமா என்று கேட்பதா?

1938ம் ஆண்டு ஜனவரியில் டாமி ஃபாரை வென்றுவிட்டு ஓய்வு பெற்றார். 1942ம் ஆண்டு இராணுவத்தில் சேர்ந்து அதிகாரியானார். போருக்குப் பின் கப்பல் உபகரணங்கள் விற்றார். 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வெராசானோ பாலம் எழும்பியபோது, ஐம்பது வயதைக் கடந்த முன்னாள் உலக வாகையர் அங்கே இயந்திரங்களை இயக்கும் தொழிலாளியாக இருந்தார். நார்த் பெர்கனில், பட்டம் வென்ற காலத்துப் பணத்தில் வாங்கிய வீட்டிலேயே கடைசிவரை மனைவியோடு வாழ்ந்தார். 1974ம் ஆண்டு நவம்பர் 29ம் தேதி, தம் 69வது வயதில், உறக்கத்திலேயே இறந்தார். டெனஃப்ளையில் உள்ள மவுண்ட் கார்மெல் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். நார்த் பெர்கனில் உள்ள பெரிய பூங்கா ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.