கிரேவ்ஸ் நோய்: யார் இந்த கிரேவ்ஸ்? தைராய்டுக்கும் மூளை ரத்தக்குழாய்க்கும் என்ன தொடர்பு?

ரிப்போர்ட்டில் தைராய்டு ஹார்மோன் அளவு எகிறியிருந்தால், பல நேரங்களில் டாக்டர் சொல்லும் பெயர் கிரேவ்ஸ் நோய். தைராய்டு சுரப்பி ஓவராக வேலை செய்வதற்கு மிகப் பொதுவான காரணம் இதுதான். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் ஜேம்ஸ் கிரேவ்ஸ்.

ஜெயில், புயல், பூட்ஸ்

1796-ல் டப்ளினில் பிறந்தார். அப்பா டிரினிட்டி கல்லூரியில் இறையியல் பேராசிரியர். அதே கல்லூரியில் 1818-ல் மருத்துவப் பட்டம் வாங்கிய கையோடு, மகன் ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பிவிட்டார். லண்டன், பெர்லின், கோபன்ஹேகன், எடின்பரோ எனப் பெரிய மருத்துவமனைகளில் எல்லாம் படித்தார்.

ஆஸ்திரியாவில் பாஸ்போர்ட் இல்லாமல் சுற்றியவரைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். காரணம்? அவர் பேசிய ஜெர்மன் அவ்வளவு சரளம். ஐரிஷ்காரர் என்றால் யாரும் நம்பவில்லை, உளவாளி என்று நினைத்துவிட்டார்கள். பிறகு மத்திய தரைக்கடலில் புயலில் கப்பல் சிக்கியது. மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுப் படகில் தப்பப் பார்க்க, கிரேவ்ஸ் கோடாரியால் அந்தப் படகையே உடைத்தாராம். பழுதான பம்ப்பைத் தன் பூட்ஸ் தோலை வெட்டிச் சரிசெய்து எல்லோரையும் கரை சேர்த்தார் என்று, அவரது வாழ்க்கையை எழுதிய நண்பர் டாக்டர் வில்லியம் ஸ்டோக்ஸ் பதிவு செய்திருக்கிறார்.

வாட்ச்சும் நாடியும்

1821-ல் டப்ளினின் மீத் மருத்துவமனையில் சேர்ந்தார். அப்போதெல்லாம் மாணவர்கள் டாக்டருக்குப் பின்னால் கும்பலாக நடந்து வேடிக்கை பார்ப்பதுதான் படிப்பு. கிரேவ்ஸ் அதை மாற்றினார். ஒவ்வொரு மாணவரிடமும் நோயாளியை ஒப்படைத்து, கேட்டு, தொட்டுப் பார்த்து, தாங்களே முடிவுக்கு வரச் சொன்னார். வாட்ச் வைத்து நாடித்துடிப்பை எண்ணும் பழக்கத்தைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர். காய்ச்சல் வந்தவர்களைப் பட்டினி போடுவது அன்றைய வழக்கம். அவரோ, காய்ச்சல்காரர்களுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று அடித்துச் சொன்னார்.

அந்த நான்கு பெண்கள்

1835-ல் வெளியான அவரது விரிவுரை ஒன்றுதான் அவர் பெயரை நிலைக்க வைத்தது. கடுமையான படபடப்போடு வந்த மூன்று பெண்களுக்குக் கழுத்தில் தைராய்டு வீங்கியிருந்ததை அதில் விவரித்தார். படபடப்பு கூடும்போது வீக்கமும் கூடியது, குறையும்போது குறைந்தது. நான்காவது பெண்ணுக்கு வயது 20. அவருடைய தொல்லைகளை முதலில் ஹிஸ்டீரியா என்றுதான் நினைத்திருந்தார்கள். போகப்போக கண்கள் பிதுங்கி, கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரிய ஆரம்பித்தது. கிரேவ்ஸ் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கவில்லை. கழுத்து, இதயம், கண் மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்.

இதைக் கவனித்த முதல் ஆள் அவர் இல்லை. இங்கிலாந்தின் கேலப் பாரியின் குறிப்புகள் 1825-லேயே வெளிவந்துவிட்டன. 1840-ல் ஜெர்மனியின் கார்ல் வான் பாசிடோவும் எழுதினார். அதனால் ஜெர்மனியில் இன்றும் இது பாசிடோ நோய்தான். கிரேவ்ஸ் பெயரை நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு மருத்துவர் ட்ரூசோ. அதைப் பார்க்க கிரேவ்ஸ் உயிரோடு இல்லை. 1853-ல், 57 வயது தொடுவதற்குச் சில நாள் இருக்கும்போது, வயிற்றுக் கட்டியால் இறந்துபோனார்.

அவர் பார்க்காத நான்காவது இடம்: மூளை

நம் நோய் எதிர்ப்பு மண்டலமே தவறுதலாக தைராய்டைத் தூண்டிவிடுவதுதான் கிரேவ்ஸ் நோய். இது தெரிய 1950-களுக்கு மேல் ஆனது. அதே காலத்தில், 1957-ல், ஜப்பான் மருத்துவர்கள் மூளையின் ரத்தக்குழாய் நோய் ஒன்றை விவரித்தார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியின் முனை மெல்ல மெல்லச் சுருங்கும். அதை ஈடுகட்ட நூல் போன்ற குட்டிக் குழாய்கள் முளைக்கும். ஆஞ்சியோகிராமில் பார்த்தால் புகை மூட்டம் போலத் தெரியும். அதனால் ஜப்பானிய மொழியில் இதற்கு மோயாமோயா என்று பெயர்.

இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு, குறிப்பாக இளம் பெண்களுக்கு, சேர்ந்து வருவது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளது. ஏன்? எதிர்ப்பு மண்டலக் கோளாறு ரத்தக்குழாய் சுவரையும் பாதிக்கலாம். அதிக ஹார்மோனால் ரத்த ஓட்டம் வேகமாகி அந்தச் சுவரில் அழுத்தம் கூடலாம். ஒன்றுதான் இன்னொன்றை உண்டாக்குகிறது என்று இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் தைராய்டு கட்டுப்பாட்டில் இல்லாதபோது பக்கவாத ஆபத்து கூடுகிறது என்பதை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால் முதலில் மாத்திரையால் தைராய்டைக் கட்டுக்குள் கொண்டுவந்து, தேவைப்பட்டால் அப்புறம் மூளைக்கு பைபாஸ் செய்வதுதான் பொதுவான முறை.

இது அரிய நோய்தான், தைராய்டு உள்ள எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனா, ஒரு கை மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது போன்றவை பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும் டென்ஷன், தூக்கமில்லை என்று விட்டுவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தைராய்டு இருப்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். 20 வயதுப் பெண்ணின் தொல்லையை மனசு சம்பந்தப்பட்டது என்று ஒதுக்கும் பழக்கம் 1835-லேயே இருந்தது. அதைத் தாண்டிப் பார்த்ததால்தான் இந்த நோய்க்கு கிரேவ்ஸ் பெயர் நின்றது.