லத்தீனில் தோற்று மீண்டும் எழுதிய காந்தி: முதல் பருவத்தோடு கல்லூரியை விட்டவரின் மாணவப் பருவம்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1887ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியபோது, அவர் பெற்ற மதிப்பெண் 40 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தந்தை மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், பம்பாயில் தங்கிப் படிக்கக் குடும்பத்தில் வசதி இல்லை. ஆகவே, செலவு குறைந்த பாவ்நகர் சாமள்தாஸ் கல்லூரியில் 1888ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சேர்ந்தார்.

அங்கு எந்தப் பாடமும் அவருக்குப் பிடிபடவில்லை. பேராசிரியர்கள் திறமையானவர்கள், குறை தம்மிடமே இருந்தது எனச் சுயசரிதையில் அவர் பதிவு செய்துள்ளார். முதல் பருவம் முடிந்ததும் ராஜ்கோட்டில் உள்ள வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

பி.ஏ. பட்டத்துக்கு நான்கைந்து ஆண்டுகள் செலவிட்டால் கிடைப்பது 60 ரூபாய் வேலைதான்; லண்டன் சென்றால் மூன்றே ஆண்டுகளில் பாரிஸ்டர் ஆகிவிடலாம் என்று குடும்ப நண்பர் மாவ்ஜி தவே யோசனை கூறினார். செலவை அண்ணன் லட்சுமிதாஸ் ஏற்றார். மனைவி கஸ்தூர்பாவையும் சில மாதக் குழந்தையையும் ஊரில் விட்டு, கடல் கடந்தால் சாதியிலிருந்து விலக்குவோம் என்ற சமூகத்தாரின் தடையையும் மீறி, 1888 செப்டம்பர் 4 அன்று காந்தி கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 18.

லண்டன் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் தேர்வு அவ்வளவு கடினமானதல்ல; அதில் தோற்றவர்கள் மிகச் சிலரே. ஆனால், கல்வியில் தமக்கிருந்த குறை அதனால் மட்டும் தீராது என்பதைக் காந்தி உணர்ந்திருந்தார். எவரும் கட்டாயப்படுத்தாத லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு அவராகவே விண்ணப்பித்தார். லத்தீன் கட்டாயப் பாடம். அடுத்த தேர்வுக்கோ ஐந்து மாதங்களே இருந்தன.

முதல் முயற்சியில் லத்தீனில் தோல்வியடைந்தார். இம்முறை ஊர் திரும்பவில்லை. இரண்டு அறைகளைக் கொண்ட வீட்டைவிட்டு ஓர் அறைக்கு மாறினார். அடுப்பு வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே தயாரித்தார். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் வாழ்ந்து, மிச்சமான நேரத்தைப் படிப்புக்கு ஒதுக்கினார். வேதியியலுக்குப் பதிலாக வெப்பமும் ஒளியும் என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு, 1890 ஜூனில் தேர்ச்சி பெற்றார். ரோமானியச் சட்டத்துக்கான ஜஸ்டினியனின் நூலை லத்தீன் மூலத்திலேயே படிக்கும் அளவுக்கு அவருக்கு மொழி கைவந்திருந்தது. 1891 ஜூன் 10 அன்று பாரிஸ்டர் ஆனார்.

எனினும், பாவ்நகரில் விட்டுப்போன பட்டம் அவரைப் பின்தொடர்ந்தது. பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கிலேயே நா எழாமல் அமர்ந்துவிட்ட காந்தி, 75 ரூபாய் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர் பணி ஒன்றுக்கு விண்ணப்பித்தார். லத்தீனுடன் லண்டன் மெட்ரிகுலேஷன் முடித்ததை எடுத்துக்கூறியும், பட்டதாரி அல்லர் என்ற காரணத்தால் பள்ளி நிர்வாகம் அவரை ஏற்கவில்லை.

1893இல் தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அந்நாட்டின் பொதுச் சட்டம் ரோமானிய-டச்சு மரபைச் சார்ந்தது. அதைப் புரிந்துகொள்ள, லண்டனில் லத்தீனில் படித்த ஜஸ்டினியனின் நூல் அவருக்குப் பெரிதும் உதவியது.