ஆலன் டூரிங்: போத்தனூரில் பிறந்த தாயின் மகன்... கம்ப்யூட்டருக்கு அடித்தளம் போட்டவரை சொந்த நாடே தண்டித்தது ஏன்?

ஓசூரில் இருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது ஜூஜுவாடி. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இந்தப் பக்கம் கம்பெனி பஸ்களின் கூட்டம்தான். சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வண்டி பாகங்கள் முதல் செல்போன் பாகங்கள் வரை தயாராகின்றன. கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் சிஎன்சி மெஷின்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

ஒரு மெஷின், புரோகிராமை மாற்றினால் போதும், வேறு வேலை செய்யும். இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த யோசனையை 1936-லேயே கணித முறையில் எழுதிக் காட்டியவர் ஆலன் டூரிங். உலகப் போரில் பிரிட்டனுக்குப் பெரும் உதவி செய்தவரும் இவர்தான். ஆனால், ஒரு ஆணுடன் உறவு வைத்திருந்தார் என்பதற்காக 1952-ல் பிரிட்டன் இவரைக் குற்றவாளி ஆக்கியது.

யார் இந்த டூரிங்? அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்ப்போம்.

தமிழ்நாட்டுத் தொடர்பு என்ன?

டூரிங்கின் அம்மா எத்தல் சாரா ஸ்டோனி 1881-ல் பிறந்தது கோவை பக்கத்தில் உள்ள போத்தனூரில். எத்தலின் அப்பா எட்வர்டு வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். டூரிங்கின் அப்பா ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐசிஎஸ் அதிகாரி. அப்போது ஓசூரும் அதே மாகாணத்தில்தான் இருந்தது. டூரிங்கின் அண்ணன் ஜான் 1908-ல் குன்னூரில் பிறந்தார்.

ஆலன் பிறந்தது மட்டும் லண்டனில், 1912 ஜூன் 23 அன்று. அன்றைய ஆங்கில அதிகாரிகள் பலரும் செய்ததுபோல, பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அதனால் சின்ன வயதில் அம்மா, அப்பாவுடன் இருந்த நாட்களைவிட பிரிந்திருந்த நாட்களே டூரிங்குக்கு அதிகம்.

பள்ளி நண்பனின் மரணம்

டூரிங் பிடிவாதக்காரப் பையன். 1926-ல் ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் போன சமயம், நாடு முழுக்க பொது வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. 13 வயதுப் பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் மிதித்தே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான்.

அந்தப் பள்ளியில் அவருக்குக் கிடைத்த நெருங்கிய நண்பர் கிறிஸ்டோபர் மோர்கம். கணக்கும் வானியலும்தான் இருவருக்கும் பேச்சு. டூரிங்கின் முதல் காதல் இவர்தான் என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1930 பிப்ரவரியில் காசநோயால் மோர்கம் இறந்துபோனார். உடல் போன பிறகு மனிதனின் மனம் என்ன ஆகிறது என்ற கேள்வி டூரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டது. மெஷினால் யோசிக்க முடியுமா என்று பிற்காலத்தில் அவர் கேட்டதற்கான விதை இங்கே விழுந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

அவர் கண்டுபிடித்தது என்ன?

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் படித்து, 22 வயதிலேயே அங்கே ஆய்வாளர் பதவி பெற்றார். 1936-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு கற்பனை மெஷினை விவரித்தார். நீளமான ஒரு நாடா. அதில் கட்டம் கட்டமாகக் குறியீடுகள். மெஷின் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படிக்கும், அழிக்கும், எழுதும், நகரும். அவ்வளவுதான். ஆனால் கட்டளையைச் சரியாக எழுதிவிட்டால், எந்தக் கணக்கையும் இதே மெஷின் போட்டுவிடும். சிஎன்சி ஆபரேட்டருக்கு இது எளிதில் புரியும்: மெஷின் அதேதான், மாறுவது புரோகிராம்.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஜெர்மனி தன் ராணுவத் தகவல்களை எனிக்மா என்ற கருவி மூலம் புரியாத எழுத்துகளாக மாற்றி அனுப்பியது. போலந்து கணித நிபுணர்கள் ஏற்கெனவே செய்திருந்த வேலையின் தொடர்ச்சியாக, அந்தச் சங்கேதத்தை உடைக்க பாம்பே என்ற மெஷினை டூரிங் வடிவமைத்தார். ஜெர்மன் கடற்படையின் சங்கேதத்தை உடைத்த குழுவுக்கும் தலைமை தாங்கினார். அட்லான்டிக் கடலில் சரக்குக் கப்பல்களை நீர்மூழ்கிகளிடம் இருந்து தப்பிக்க வைத்ததில் இந்த வேலைக்கு முக்கியப் பங்கு உண்டு.

அங்கே உடன் வேலை பார்த்த ஜோன் கிளார்க்கை 1941-ல் மணக்க முடிவு செய்தார். ஆனால் தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்பதை அவரிடம் மறைக்கவில்லை. ஜோன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் இந்தத் திருமணம் சரிப்படாது என்று டூரிங்கே விலகிக்கொண்டார். நட்பு மட்டும் தொடர்ந்தது.

புகார் கொடுக்கப் போனவர் குற்றவாளி ஆனது எப்படி?

1952 ஜனவரியில் மான்செஸ்டர் அருகே டூரிங்கின் வீட்டில் திருட்டு நடந்தது. அவருடன் உறவில் இருந்த 19 வயது இளைஞருக்குத் தெரிந்த ஒருவர்தான் திருடியது. டூரிங் போலீசில் புகார் கொடுத்தார். விசாரணை திருட்டை விட்டுவிட்டு அந்த இளைஞருடனான உறவின் பக்கம் திரும்பியது. டூரிங் எதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். தான் தவறு செய்ததாக அவர் நினைக்கவே இல்லை.

ஆனால் ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கும் 1885-ம் ஆண்டுச் சட்டம் அப்போது அமலில் இருந்தது. நீதிமன்றம் இரண்டு வழிகளை வைத்தது. ஒன்று சிறை. இன்னொன்று, பாலுணர்வை அடக்க ஓராண்டு ஹார்மோன் சிகிச்சை. டூரிங் இரண்டாவதை ஏற்றார். ஈஸ்ட்ரோஜென் மருந்தால் அவரது உடலே மாறியது, மார்பு வளர்ந்தது. அரசின் ரகசியப் பணிகளில் இருந்தும் நீக்கப்பட்டார். போரில் அவர் செய்ததை வெளியே சொல்லவும் முடியாது. அது அப்போதும் அரசு ரகசியம்.

1954 ஜூன் 7 அன்று, 41 வயதில், சயனைடு விஷத்தால் டூரிங் இறந்தார். மறுநாள்தான் உடல் கண்டெடுக்கப்பட்டது. தற்கொலை என்று விசாரணையில் முடிவானது. வீட்டில் செய்துவந்த ரசாயன சோதனையில் நேர்ந்த விபத்து என்றே அம்மா எத்தல் கடைசி வரை நம்பினார். மகனின் வாழ்க்கை வரலாற்றை 1959-ல் அவரே புத்தகமாகவும் எழுதினார்.

ஆப்பிள் லோகோவுக்கும் டூரிங்குக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. டூரிங்கின் படுக்கை அருகே பாதி கடித்த ஆப்பிள் கிடந்தது உண்மைதான். அதில் விஷம் இருந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. ஐபோன் பின்னால் இருக்கும் கடித்த ஆப்பிள் அவர் நினைவாக வைக்கப்பட்டது என்ற கதை அடிக்கடி ஷேர் ஆகும். லோகோவை வடிவமைத்தவரே அதை மறுத்துவிட்டார்.

மன்னிப்பு எப்போது வந்தது?

இங்கிலாந்தில் 1967-ல் சட்டம் தளர்த்தப்பட்டது. 2009-ல் பிரதமர் கார்டன் பிரவுன் அரசின் சார்பில் மன்னிப்பு கேட்டார். 2013 டிசம்பர் 24 அன்று ராணி எலிசபெத் பொது மன்னிப்பு வழங்கினார். அதே சட்டங்களால் தண்டிக்கப்பட்டு இறந்துபோன ஆயிரக்கணக்கானவர்களுக்கும் 2017-ல் மன்னிப்பு கிடைத்தது. 2021-ல் 50 பவுண்டு நோட்டில் டூரிங்கின் படம் வந்தது.

இந்தியாவில் என்ன நிலை?

பிரிட்டிஷ் ஆட்சி 1860-ல் எழுதிய சட்டப் பிரிவு 377, சுதந்திரத்துக்குப் பிறகும் இங்கே தொடர்ந்தது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை மட்டுப்படுத்தியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர் கொடுத்தது. அதாவது, டூரிங்கை பிரிட்டன் மன்னிப்பதற்கு 13 நாட்கள் முன்பு! வயது வந்த இருவர் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்ற தீர்ப்பு 2018 செப்டம்பர் 6 அன்றுதான் வந்தது. தன்பால் திருமணத்துக்கு மட்டும் இன்னும் சட்ட அங்கீகாரம் இல்லை.

சட்டம் மாறினாலும் வீட்டுக்குள் எல்லாம் மாறிவிடவில்லை. பிள்ளை தன்பால் ஈர்ப்பைச் சொன்னதும் டாக்டரிடம் கூட்டிப்போய் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். டூரிங்குக்கு நடந்ததும் அதுதான், பெயர் மட்டும் சிகிச்சை. இப்படி மருத்துவ முறையில் ஒருவரின் பாலின ஈர்ப்பை மாற்ற முயல்வதற்குத் தடை விதித்து, பெற்றோரின் எதிர்ப்பால் பாதுகாப்பு கேட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவைப் பிறப்பித்த நாள் 2021 ஜூன் 7.

டூரிங் இறந்து சரியாக 67 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில்.