டார்வினும் மண்புழுவும்

டார்வின் என்றதும் பலருக்குக் குரங்குதான் நினைவுக்கு வரும். விலங்கியல் மாணவனாகிய எனக்கு மண்புழு நினைவுக்கு வருகிறது. மனோன்மணீயத்தில் நடராசன் போற்றும் அதே நாங்கூழ்ப் புழு!

1809-ல் இங்கிலாந்தில் பிறந்து, ஏறத்தாழ ஐந்தாண்டு கப்பலில் உலகம் சுற்றி, 1859-ல் ஒரே நூலால் உலகைக் கலக்கியவர் சார்லஸ் டார்வின். அந்தக் கதையை நண்பர்கள் அறிவார்கள். கென்ட் பகுதியில் டவுன் என்னும் சிற்றூரில், நாட்பட்ட நோயோடு, எழுபதைக் கடந்த முதுமையில் அவர் முடித்த பணியையே நான் சொல்ல விரும்புகிறேன்.

மண்தொட்டிகளில் புழுக்களை வளர்த்து இரவில் கவனித்தார். மகன் குழல் ஊதினார், பியானோவும் முழங்கிற்று. புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் வளைக்குள் பாய்ந்தன. காது கிடையாது, அதிர்வை அறியும் நரம்பு உண்டு. கண்ணும் இல்லை, ஆயினும் தலைப்பக்கத்தில் விளக்கொளி பட்டால் மறைந்துகொள்ளும். அதே புழு இலையை இழுப்பதில் முனைந்திருக்கும்போது பெரும்பாலும் ஒளியைப் பொருட்படுத்தவில்லை. பரீட்சைக்கு முந்திய இரவில் மெஸ் மணி காதில் விழாத விடுதித் தோழர்கள் இதை எளிதில் நம்புவார்கள்.

புழு இலையை வளைக்குள் இழுப்பது உண்ணவும் வாயிலை அடைக்கவும். குறுகிய வளைக்குள் எந்த முனை எளிதில் நுழையும்? வளைகளிலிருந்து பிடுங்கிய 227 இலைகளில் 181 நுனி வழியே இழுக்கப்பட்டிருந்தன. பழக்கமில்லாத பொருளானால் என்ன செய்யும்? காகிதத்தை நீண்ட முக்கோணங்களாக வெட்டிக் கொழுப்புத் தடவிப் போட்டார். 303-ல் 62 விழுக்காடு கூர்முனை வழியே உள்ளே சென்றன.

தற்செயலாக இப்படி நேராது. இயந்திரம் போன்ற இயல்பூக்கமாயின் இத்தனை விலக்குகள் இரா. ஆகவே புழுவுக்கும் ஓரளவு அறிவு உண்டென்று துணிந்தார். புழுவின் மூளையோ தொண்டைக்கு மேலுள்ள ஒரு சிறு நரம்பு முடிச்சு! இலைநுனிக்கும் காம்புக்கும் உள்ள சுவை வேறுபாடே வழிகாட்டுகிறதெனப் பின்வந்தோர் வாதிட்டனர். அறிவு என்ற சொல் சற்றுப் பெரிதுதான் என்பது என் எண்ணம். ஆனால் பசி, ஒளி, தொடுகை என்று பல செய்திகளை எடைபோட்டு ஒன்றை முந்தவிடும் வேலை அந்த முடிச்சிலும் நடக்கிறதென்பதை அவர் கண்டுவிட்டார்.

நூல் 1881 அக்டோபரில் வெளிவந்தது. 1882 ஏப்ரல் 19-ல் டார்வின் மறைந்தார். டவுன் ஊர் மண்ணிலேயே அடக்கம் செய்யக் குடும்பத்தார் எண்ணியிருந்தனர். நாட்டுப் பெரியோர் வேண்ட, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குக் கொண்டுசென்றார்கள்.