அணை கட்டியவர் ஆண்ட நாடு

நாம் வாழும் இப்பலெர்மோ நகரில் பொறியியலாளரை இன்ஜெனியேரே என விளித்து மதிப்பர். அத்தகு மதிப்புக்குரியோர் நாட்டையும் நன்கு ஆள்வரோ? விடை தேடுவோர் சேர் மோ. விசுவேசுவரய்யாவின் வாழ்வை நோக்குதல் நன்று.

மைசூர் நாட்டின் முத்தேனஹள்ளியில் பிறந்த அவர், இளமையிலே தந்தையை இழந்தார். பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிப் பொருளீட்டிக் கல்வி பயின்றார். பூனாவில் பொறியியல் கற்றுப் பம்பாய் அரசுப் பணியில் அமர்ந்தார். வெள்ளம் மிகுங்கால் தாமே திறந்துகொள்ளும் மதகுகளை 1903 ஆம் ஆண்டில் கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் அமைத்தார்.

1909 இல் மைசூரின் தலைமைப் பொறியியலாளரானார். காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜசாகர் அணைப்பணி 1911 இல் தொடங்கியது. 1912 இல் மன்னர் அவரைத் திவானாக்கினார். 1913 இல் மைசூர் வங்கியும் 1916 இல் மைசூர்ப் பல்கலைக்கழகமும் தோன்றின.

ஆயினும், கணக்கில் அடங்காத வினாவொன்று எழுந்தது. அரசுப் பணிகளில் பிராமணரே மிகுந்திருந்தமையால், ஏனையோர்க்கு இடமளிக்க வழிகாண 1918 இல் மன்னர் மில்லர் குழுவை நியமித்தார். தகுதியொன்றே அளவுகோல் எனக் கொண்ட திவான் அதற்கு உடன்படாது பதவி துறந்தார். அத்தகுதியைப் பெறும் வாய்ப்பே பலர்க்கும் கிட்டவில்லை என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்த்திலர் என்பதே எம் கருத்து.

பின்னர், 1923 முதல் நட்டத்திலிருந்த பத்திராவதி இரும்பாலையைப் பொறுப்பேற்று நிமிர்த்தினார். 1955 இல் பாரத ரத்னா பெற்ற அப்பெரியார், நூறாண்டு கடந்து 1962 இல் மறைந்தார்.

பொறியியல் கற்க விழையும் மாணவச் செல்வங்களே! அவரது உழைப்பையும் ஒழுங்கையும் பின்பற்றுக. நாடாள எண்ணின், கணக்கோடு மக்கள் குறையையும் கேட்டறியக் கற்பீராக.