சிங்கப்பூரே சேர்ந்து சொல்லும் உறுதிமொழி... எழுதியவர் வட்டுக்கோட்டையில் பிறந்தவர்! யார் இந்த ராஜரத்தினம்?

ஆகஸ்ட் 9 வந்தால் சிங்கப்பூரில் தேசிய தினம். அணிவகுப்பு, விமான சாகசம், வாணவேடிக்கை எல்லாம் மற்ற நாடுகளிலும் பார்க்கிறதுதான். ஆனால் அங்கே ஒரு கட்டத்தில் பிரதமர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை எல்லோரும் எழுந்து நின்று, வலது கையை மடக்கி நெஞ்சில் வைத்து, உறுதிமொழி சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது ஒரே ஒரு வாக்கியம்தான்.

அந்த வாக்கியத்தின் முதல் வடிவத்தை எழுதியவர் சின்னத்தம்பி ராஜரத்தினம். 1915 பிப்ரவரி 25-ம் தேதி யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் பலருக்கு ஞாபகம் வருவது தமிழர்களுக்குத் தனிநாடு கேட்ட 1976 தீர்மானம்தான். அதற்கு 61 வருடங்களுக்கு முன் அதே ஊரில் பிறந்த ஒருவர், வேறொரு தீவில் பல இனங்களை ஒரே நாடாகக் கட்டுகிற வேலையில் இறங்கினார் என்பது வரலாற்றின் விநோதம்.

கைக்குழந்தையாகவே மலாயாவுக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை. வளர்ந்தது சிரம்பானில். பள்ளிப் படிப்பு கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும். 1930-களில் சட்டம் படிக்க லண்டன் போனார். இரண்டாம் உலகப் போர் வந்தது, வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. பட்டம் கிடைக்கவில்லை, பேனா கிடைத்தது! பத்திரிகைகளுக்கு எழுதினார், சிறுகதைகள் வெளியாகின. அப்போது பிபிசியில் இருந்த ஜார்ஜ் ஆர்வெல் இவரைக் கூப்பிட்டு வானொலிக்கு எழுத வைத்தார். ஹங்கேரியைச் சேர்ந்த பிரோஸ்காவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதும் லண்டனில்தான்.

போருக்குப் பிறகு ஊர் திரும்பி, சிங்கப்பூரில் பத்திரிகையாளர் ஆனார். 1954-ல் லீ குவான் யூவோடு சேர்ந்து மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். 1957-ல் வானொலிக்கு ஒரு தொடர் நாடகம் எழுதினார். வெவ்வேறு இனத்தவர் வாழும் இடம் எப்படி ஒரு நாடாக முடியும் என்பதுதான் அதன் விஷயம். இத்தனைக்கும் அப்போது சிங்கப்பூர் என்ற நாடே கிடையாது.

1959-ல் தேர்தலில் ஜெயித்துக் கலாசார அமைச்சர் ஆனார். அந்த வருட டிசம்பரில் கொடி, சின்னம், கீதம் மூன்றும் அறிமுகமாயின. பிள்ளை பிறக்கும் முன்பே தொட்டில் வாங்கி வைத்த மாதிரி!

விருப்பமில்லாமல் போட்ட கையெழுத்து

1963-ல் சிங்கப்பூர் மலேசியாவில் சேர்ந்தது. அடுத்த வருடமே ஜூலையிலும் செப்டம்பரிலும் மலாய், சீன மக்களுக்கு இடையே கலவரம். இரண்டிலும் சேர்த்து 36 பேர் இறந்துபோனார்கள். பேச்சுவார்த்தைகள் எல்லாம் முறிந்து, 1965 ஆகஸ்டில் பிரிவினை ஒப்பந்தம் மேசைக்கு வந்தது.

ராஜரத்தினத்துக்குப் பிரிவதில் துளியும் விருப்பமில்லை. அவர் வளர்ந்த வீடு, சொந்தபந்தம் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். பிரிந்தால் சொந்த ஊரே வெளிநாடு ஆகிவிடும். லீ நிறைய பேசிய பிறகுதான் மனசில்லாமல் கையெழுத்துப் போட்டார். இன்று கோலாகலமாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 9, அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாள். பெரும்பாலான நாடுகள் சுதந்திரத்தைக் கேட்டுப் போராடி வாங்கின. சிங்கப்பூருக்கு அது வேண்டாத நேரத்தில் வந்து சேர்ந்தது.

கையெழுத்துப் போட்ட அதே மனிதர்தான் முதல் வெளியுறவு அமைச்சர். செப்டம்பரில் ஐ.நா.வின் 117-வது உறுப்பு நாடாக சிங்கப்பூர் சேர்ந்தது. 1967-ல் ஆசியான் அமைப்பைத் தொடங்கிவைத்த ஐந்து பேரில் இவரும் இருந்தார்.

ஒரு வார்த்தை மாறிய கதை

நாடு வந்துவிட்டது. ஆனால், அங்கே இருந்த சுமார் 19 லட்சம் பேரில் எத்தனை பேர் தங்களை சிங்கப்பூரர் என்று நினைத்தார்கள்? சீனர், மலாய்க்காரர், தமிழர் என்றுதான் அடையாளம் இருந்தது. கலவரத்தின் காயம் வேறு ஆறவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் தினமும் கொடிக்கு முன்னால் சொல்ல ஒரு உறுதிமொழி வேண்டும் என்று கல்வி அமைச்சு முடிவு செய்தது. கல்வி அமைச்சர் ஓங் பாங் பூன் தன்னிடம் இருந்த இரண்டு வரைவுகளை ராஜரத்தினத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். இவர் புதிதாக ஒன்றையே எழுதி அனுப்பிவிட்டார். அது 1966 பிப்ரவரி.

இன, மொழி, மத வேற்றுமைகளை மறந்து ஒன்றுபடுவோம் என்பதுதான் அவர் எழுதியது. லீ குவான் யூ அதைத் திருத்தினார். ஆங்கிலத்தில் 'மறந்து' போய், 'பொருட்படுத்தாமல்' என்ற பொருளில் வேறு வார்த்தை வந்தது. சின்ன மாற்றம்தானே என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மறப்பது என்றால் சீனர், தமிழர் என்ற நினைப்பே போக வேண்டும். பொருட்படுத்தாமல் இருப்பதற்கு அது தேவையில்லை, வீட்டில் உங்கள் மொழி, கோயில், பண்டிகை எல்லாம் இருக்கலாம், பொது இடத்தில் அது குறுக்கே வரக் கூடாது. நிர்வாகம் செய்கிறவருக்கு லீயின் வார்த்தைதான் சரி. ஆனால் ராஜரத்தினம் கேட்டது அதைவிடப் பெரிசு. சிங்கப்பூரர் என்பது பிறப்பால் வருவதல்ல, மனதால் தேர்ந்தெடுப்பது என்று கடைசி வரை நம்பியவர் அவர்.

1966 ஆகஸ்ட் 24-ம் தேதி 529 பள்ளிகளில் சுமார் 5 லட்சம் மாணவர்கள் முதன்முறையாக அதைச் சொன்னார்கள்.

ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உறுதிமொழியில் ஜனநாயகம், நீதி, சமத்துவம் எல்லாம் உண்டு. ஆனால் அவர் அமைச்சராக இருந்த அரசுதான் 1963-ல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரணை இல்லாமல் பிடித்து வைத்தது. 1971-ல் பத்திரிகைகள் மீதும் கை வைத்தது. முன்னாள் பத்திரிகையாளர் ஒருவர் அந்த அமைச்சரவையில் இருந்தார் என்பது லேசில் தாண்டிப் போகிற விஷயம் இல்லை. உறுதிமொழியின்படி நாடு நடக்கிறதா என்று 2009-ல் நாடாளுமன்றத்திலேயே விவாதம் வந்தது. அது ஒரு லட்சியம், இன்னும் எட்டவில்லை என்பது லீயின் பதில்.

அந்த விவாதத்தைக் கேட்க ராஜரத்தினம் இல்லை. 1988-ல் அரசியலிலிருந்து ஓய்வு. அடுத்த வருடம் பிரோஸ்கா காலமானார். 1994-ல் அவருக்கு மறதி நோய் இருப்பது தெரிந்தது, மெல்ல மெல்லப் பேச்சும் போனது. 2006 பிப்ரவரி 22-ம் தேதி இறந்தார். மூன்று நாள் கழித்து அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு. அன்று அவருக்கு 91-வது பிறந்தநாள்.

உறுதிமொழி சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழிகளிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் லீ மாற்றிய வார்த்தைதான் இன்றும். தமிழ் வடிவத்தில் மட்டும் எடுத்துப் பாருங்கள், வேற்றுமைகளை 'மறந்து' என்றே இருக்கும்.