விளக்குக் கடை வாலிபர் எடுத்த முகப்படம்

தன்னைத் தானே படம் பிடிப்பது இன்று குழந்தை விளையாட்டு. கையில் இருக்கும் போனை நீட்டினால் போதும். ஒரு நொடியில் முகம் பதிந்துவிடும். படம் எடுப்பாக வரவேண்டும் என்றால், பக்கத்தில் ஒரு மேஜை விளக்கை வைக்கிறார்கள். எதிரே வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

1839-ம் ஆண்டில் இது நடக்கக்கூடிய காரியமே அல்ல என்று பலர் நினைத்தார்கள். மனித முகத்தைப் படம் பிடிக்க முடியாது என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

அதே ஆண்டில், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில், ஒரு விளக்குக் கடையின் பின்புறம் ஒரு வாலிபர் தன்னந்தனியாக நின்றார். வெயிலையே விளக்காக வைத்துக்கொண்டு, தன் முகத்தைத் தானே படம் எடுத்தார்!

அவர் பெயர் ராபர்ட் கார்னீலியஸ். அமெரிக்காவில் எடுத்த முகப்படங்களில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படம் அதுதான். உலகத்தில் முதன் முதலாகத் தன்னைத் தானே போட்டோ எடுத்துக்கொண்டவர் என்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள்.

வெள்ளி வேலை

ராபர்ட் 1809-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி பிலடெல்பியாவில் பிறந்தார். தந்தை கிறிஸ்டியன், ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரத்திலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தவர். வெள்ளி வேலை தெரிந்தவர். பிறகு விளக்குகள் செய்து விற்கத் தொடங்கினார்.

பள்ளியில் ராபர்ட்டுக்குப் பிடித்த பாடம் ரசாயனம். 1831-ம் ஆண்டில் தந்தையின் தொழிலில் சேர்ந்தார். செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசுவதிலும், உலோகத்தை மெருகேற்றுவதிலும் அவர் கை தேர்ந்தது. அடுத்த ஆண்டு ஹாரியெட் என்ற பெண்ணை மணந்தார். அவர்களுக்கு எட்டுக் குழந்தைகள்.

மின்சார விளக்கு இல்லாத காலம் அது. எண்ணெய் விளக்கின் சுடர் சிறியது. ஆனால் சுடருக்குப் பின்னால் பளபளப்பான ஒரு தகட்டை வைத்தால், வெளிச்சம் திரும்பி வந்து அறை முழுவதும் பரவும். வெளிச்சத்தைத் திருப்பிவிடும் இந்த வித்தை விளக்குக் கடைக்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதுவே பின்னால் அவருக்குக் கைகொடுத்தது.

பாரிஸிலிருந்து வந்த செய்தி

1839-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி, பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிஸில், டாகேர் என்பவர் கண்டுபிடித்த படம் எடுக்கும் முறையைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள்.

அந்த முறை இதுதான். வெள்ளி முலாம் பூசிய செம்புத் தகட்டைக் கண்ணாடி போல மெருகேற்ற வேண்டும். அதன் மேல் அயோடின் ஆவியைப் படியவிட வேண்டும். பிறகு அந்தத் தகட்டை இருட்டான ஒரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கத்தில் உள்ள லென்ஸ் வழியாக வெளிச்சம் புகுந்து தகட்டில் விழும். அதன் பின் தகட்டைப் பாதரச ஆவியில் காட்டினால் உருவம் தெரியும். கடைசியில் உப்புக் கரைசலில் கழுவினால் படம் நிலைக்கும். பாதரச ஆவி நஞ்சு. ஆனாலும் அன்று படம் எடுத்தவர்கள் அதனுடன்தான் பழகினார்கள்.

இதில் ஒரு பெரிய குறை இருந்தது. வெளிச்சத்தைப் பொறுத்து மூன்று நிமிஷம் முதல் பதினைந்து நிமிஷம் வரை தகட்டைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் அசைந்த எதுவும் படத்தில் விழாது.

டாகேர் 1838-ம் ஆண்டில் பாரிஸ் வீதி ஒன்றைப் படம் எடுத்தார். வண்டியும் குதிரையும் ஜனங்களும் நிறைந்த வீதி அது. படத்தில் பார்த்தால் வீதி வெறிச்சென்று கிடக்கிறது! போய்க்கொண்டே இருந்த அத்தனை பேரும் மறைந்து போனார்கள். ஓரத்தில் ஒருவர் காலை நீட்டி பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அசையாமல் நின்றதால் அவர் படத்தில் விழுந்தார்.

கட்டிடம் அசையாது, மலை அசையாது. மனிதன் அசைவானே! பிறகு எப்படி அவன் முகத்தைப் பிடிப்பது?

தகடு கேட்டு வந்தவர்

டாகேரின் முறை சில வாரங்களில் அமெரிக்காவுக்கும் எட்டியது. பிலடெல்பியாவில் இருந்த நாணயச் சாலையில் ஜோசப் சாக்ஸ்டன் என்ற நிபுணர் வேலை பார்த்தார். அவருக்கு இந்த முறையைச் சோதித்துப் பார்க்க ஆசை. நல்ல வெள்ளித் தகடு வேண்டுமே! நகரத்தில் அதைச் செய்யக்கூடியவர் யார் என்று யோசித்தார். கார்னீலியஸைத் தேடி வந்தார்.

கார்னீலியஸ் தகடு செய்து கொடுத்தார். சாக்ஸ்டன் அதில் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தைப் படம் எடுத்தார்.

தகடு செய்து கொடுத்த கைக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கட்டிடம் விழுகிற தகட்டில் முகம் விழாதா? கார்னீலியஸின் மனம் அதிலேயே சுழன்றது.

கொல்லைப்புறத்தில் நடந்த அதிசயம்

அவர் விலை உயர்ந்த சாமான் எதையும் வாங்கவில்லை. ஒரு பெட்டியை எடுத்தார். நாடகக் கொட்டகையில் தூரத்து மேடையைப் பார்ப்பதற்காகக் கண்ணில் வைத்துக்கொள்ளும் சிறு கண்ணாடி உண்டு. அதன் லென்ஸைக் கழற்றிப் பெட்டியில் பொருத்தினார். தகடு அவர் சொந்தக் கையால் செய்தது. காமிரா தயார்!

வெளிச்சத்துக்கு என்ன செய்வது? கடையில் நூறு விளக்கு இருந்தாலும், அந்தக் காலத்துத் தகட்டுக்கு அவை போதாது. அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போனார். காசு கொடுக்காமல் கிடைக்கும் பெரிய விளக்கு அங்கே வானத்தில் இருந்தது.

அது 1839-ம் ஆண்டு அக்டோபர் அல்லது நவம்பர் மாதம். உதவிக்கு ஆள் இல்லை. லென்ஸின் மூடியை அவரே திறந்தார். ஓடிப்போய் எதிரே நின்றார். மூச்சை அடக்கிக்கொண்டு சிலை போல நின்றார். நேரம் ஆனதும் மறுபடி ஓடிவந்து மூடினார்.

ஓடியது படத்தில் விழாதா என்று கேட்கலாம். விழாது. பாரிஸ் வீதியில் வண்டிகளை மறைத்த அதே மந்தத் தகடு, அவருடைய ஓட்டத்தையும் மறைத்துவிட்டது. அசையாமல் நின்ற உருவத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. முகப்படத்துக்கு எது தடை என்று எல்லோரும் சொன்னார்களோ, அதுவே ஒற்றை ஆளாக இருந்த அவருக்குத் துணையாக வந்தது!

அந்தப் படத்தை இன்று பார்த்தாலும் மனம் துணுக்குறும். கலைந்த தலைமுடி. மார்பில் கட்டிய கைகள். சற்றே கவலையும் எதிர்பார்ப்பும் கலந்த பார்வை. உருவம் நடுவில் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. பெட்டிக்குப் பின்னால் நின்று பார்த்துச் சரி செய்ய ஆள் இல்லை அல்லவா? ஆனால் அந்த ஒதுக்கமே படத்துக்கு ஒரு வேகத்தைக் கொடுக்கிறது. நாடகத்தில் கதாநாயகன் திடீரென்று மேடைக்கு வந்து நிற்பது போல இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 30.

கண்ணாடியும் நீல வெளிச்சமும்

கார்னீலியஸ் அத்துடன் நிற்கவில்லை. பால் பெக் காடார்டு என்ற ரசாயன அறிஞருடன் சேர்ந்தார். அயோடினோடு புரோமின் ஆவியையும் சேர்த்தால் தகடு வேகமாக வேலை செய்யும் என்று காடார்டு கண்டார். நிமிஷக் கணக்கில் உட்கார வேண்டியது, நல்ல வெயிலில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகச் சுருங்கியது.

1840-ம் ஆண்டில் கார்னீலியஸ் படம் எடுக்கும் நிலையம் ஒன்றைத் திறந்தார். அமெரிக்காவின் ஆரம்ப காலப் போட்டோ நிலையங்களில் அது ஒன்று. விளக்குக் கடைக்காரரின் மூளை இங்கேதான் நன்றாக வேலை செய்தது. ஜன்னலுக்கு வெளியே பெரிய நிலைக்கண்ணாடிகளை நிறுத்தினார். அவை வெயிலைப் பிடித்து அறைக்குள் திருப்பிவிட்டன.

ஆனால் அந்த வெளிச்சம் கண்ணைக் கூசும். வந்தவர்கள் கண்ணைச் சிமிட்டினால் படம் கெட்டுவிடும். அதனால் வழியில் நீலக் கண்ணாடியை மாட்டினார். தகட்டுக்கு வேண்டியது நீல வெளிச்சம்தான். மற்ற நிறங்கள் வடிந்துவிட்டதால் கண் கூசவில்லை. படமும் கெடவில்லை.

அதே காலத்தில் நியூயார்க் நகரத்தில் டிரேப்பர் என்ற பேராசிரியர் வேறொரு வழி பார்த்தார். முகம் வெளிச்சமாக விழவேண்டும் என்று, எதிரே உட்கார்ந்தவரின் முகத்தில் மாவைப் பூசினார்! முகத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மாற்றினால் போதும் என்று கார்னீலியஸ் காட்டினார்.

இன்றும் அந்த வித்தை பழையதாகிவிடவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, மறுபக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள். நிழல் விழுந்த கன்னம் மெல்லத் தெளிவாகும். துணியை எடுத்துவிட்டால் பாதி முகம் இருளில் மூழ்கும். செலவு ஒரு காசு இல்லை.

மீண்டும் விளக்குக்கே

ஊரில் புதிய நிலையங்கள் பல முளைத்தன. போட்டி வளர்ந்தது. குடும்பத்தின் விளக்குத் தொழிலும் பெருகியது. இரண்டையும் ஒருவரே கவனிக்க முடியவில்லை. 1843-ம் ஆண்டு வாக்கில் கார்னீலியஸ் படத் தொழிலை விட்டுவிட்டு விளக்குக்கே திரும்பினார்.

அதற்காக அவர் வருந்திக்கொண்டு உட்காரவில்லை. அந்தக் காலத்தில் திமிங்கில எண்ணெய் விலை அதிகம். ஏழை வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. மலிவான பன்றிக் கொழுப்பில் பிரகாசமாக எரியும் ஒரு விளக்குக்கு அவர் 1843-ம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். சுடருக்குக் காற்று நிறையப் போகும்படி செய்ததுதான் அதன் சூட்சுமம். அந்த விளக்கு நன்றாக விற்பனை ஆனது. அவர்கள் நிறுவனம் அமெரிக்காவின் மிகப் பெரிய விளக்கு நிறுவனங்களில் ஒன்றாக உயர்ந்தது.

1877-ம் ஆண்டில் அவர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். முதுமையில், படம் எடுத்த அந்த நாளைப் பற்றிக் கேட்டறிய வந்தவரிடம் பழைய கதையைச் சொன்னார். 1893-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி, 84-வது வயதில் காலமானார்.

அவர் செய்த விளக்குகளில் பெரும்பாலானவை அணைந்துபோயின. மின்சாரம் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கொல்லைப்புறத்து வெயிலில் அவர் எடுத்த சின்னத் தகடு அழியவில்லை. வாஷிங்டன் நகரத்தில் உள்ள காங்கிரஸ் நூலகம் அதைப் பத்திரமாகப் பாதுகாக்கிறது. வெளிச்சத்தால் எடுக்கப்பட்ட முதல் படம் என்றும், ஆண்டு 1839 என்றும் அதன் பின்புறத்தில் எழுதியிருக்கிறது. அந்த வாலிபர் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு, படம் விழுமா விழாதா என்ற கவலையோடு நின்றுகொண்டிருக்கிறார்.